அவநம்பிக்கை: பொருளும் பயன்பாடும் – முழுமையான வழிகாட்டி

ஆறு ஆண்டுகளுக்கு முன்பு எங்கள் குடியிருப்போர் சங்கத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். தண்ணீர்த் தொட்டி சுத்தம் செய்த செலவு அந்த மாதக் கணக்கில் இரண்டு முறை ஏறியிருந்தது. ஏன் என்று கேட்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் கடிதத்தின் முடிவில், 'இதனால் நிர்வாகத்தின் மீது அவநம்பிக்கை ஏற்பட்டுள்ளது' என்று ஒரு வரி சேர்த்தேன். எழுதும்போது அந்த வரி கம்பீரமாகத்தான் இருந்தது.

மறுநாள் காலை செயலாளர் வாசலில் நின்றார். ஒரு கையில் கணக்கு நோட்டு, இன்னொரு கையில் மோட்டார் அறைச் சாவி. "பதினோரு வருஷமா பார்த்துக்கிட்டிருக்கேன் சார். அவநம்பிக்கைன்னு எழுதிட்டீங்க. இனிமே நீங்களே வேற ஆள் பார்த்துக்குங்க." அந்த மாதம் தொட்டியில் சாக்கடை நீர் கசிந்ததால் இரண்டு முறை சுத்தம் செய்திருக்கிறார்கள். ரசீது இரண்டும் நோட்டிலேயே ஒட்டியிருந்தது.

எனக்கு இருந்தது சந்தேகம். நான் எழுதியதோ அவநம்பிக்கை. இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான் என்று நினைத்திருந்தேன். அந்தக் காலைக்குப் பிறகு இந்தச் சொல்லையும் இதன் அக்கம்பக்கத்துச் சொற்களையும் கவனித்துக் குறித்துவைக்கத் தொடங்கினேன். மனு எழுதுபவர்கள், செய்தி எழுதுபவர்கள், மொழிபெயர்ப்பவர்கள், தமிழ் படிக்கும் மாணவர்கள் ஆகியோருக்கு உதவும் என்று அந்தக் குறிப்புகளை இங்கே படிப்படியாகத் தருகிறேன்.

படி 1: சொல்லைப் பிரித்துப் பாருங்கள்

அவ + நம்பிக்கை. முன்னால் நிற்கும் 'அவ' வடமொழி முன்னொட்டு. அவமானம், அவமரியாதை, அவமதிப்பு ஆகியவற்றில் இருப்பதும் அதுவே. அவப்பெயர், அவச்சொல் என்று தமிழ்ச் சொற்களோடும் அது இயல்பாக ஒட்டிக்கொண்டது. தமிழில் 'அவம்' என்று தனியாகவும் ஒரு சொல் உண்டு. தவம் செய்வார் தம் கருமம் செய்வார், மற்றவர் 'அவம்செய்வார்' என்கிறது 266-ஆம் குறள். அங்கே அவம் என்றால் வீண் செயல்.

இந்த முன்னொட்டின் வேலையைக் கூர்ந்து பார்க்க வேண்டும். பெயரே இல்லாதவனுக்கு அவப்பெயர் கிடையாது. பெயர் கெட்டவனுக்குத்தான் உண்டு. சொல் இல்லாமை மௌனம். அவச்சொல் என்பது கெடுதலான சொல். ஆக 'அவ' வெறும் இன்மையைச் சொல்வதில்லை, கெட்டுப்போனதைச் சொல்கிறது. அவநம்பிக்கையும் அப்படித்தான். நம்பிக்கை இல்லாத வெற்றிடம் ஒன்று. நம்பிக்கை இருந்திருக்க வேண்டிய இடத்தில் அதற்கு நேர் எதிரான ஒன்று வளர்ந்து நிற்பது இன்னொன்று. இச்சொல் குறிப்பது இரண்டாவதை.

பின்பாதியான 'நம்பிக்கை', நம்பு என்னும் வினையிலிருந்து வந்தது. கோரு, கோரிக்கை ஆனது போல. இந்த 'நம்பு' பழைய தமிழில் இன்றைய பொருளில் மட்டும் வழங்கவில்லை. தொல்காப்பிய உரியியல், 'நம்பும் மேவும் நசையா கும்மே' என்கிறது. நசை என்றால் விருப்பம். அன்று நம்புதல் என்றால் விரும்புதல். ஒருவரை நம்பிக் கெட்டவர்களிடம் பேசிப் பார்த்தால், அந்தப் பழம்பொருள் இன்னும் முழுதாக அற்றுப்போகவில்லை என்று எனக்குத் தோன்றும். பல நேரம் நாம் நம்ப விரும்பியதைத்தான் நம்பியிருக்கிறோம்.

படி 2: எந்த நம்பிக்கை போயிற்று என்று கேளுங்கள்

தமிழில் 'நம்பிக்கை' மூன்று வேலை செய்கிறது. ஒருவர் நம்மை ஏமாற்றமாட்டார் என்பதும் நம்பிக்கை. நாளை நல்லது நடக்கும் என்பதும் நம்பிக்கை. கடவுள் உண்டு என்பதும் நம்பிக்கை. மூன்றின் எதிர்ப்பக்கமும் ஒன்றல்ல.

காவிரிப் படுகையிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு. குறுவைக்காக மேட்டூர் அணையை ஜூன் 12-இல் திறப்பது வழக்கம். அணையில் நீர் இல்லாத ஆண்டில் ஒரு விவசாயி, 'இந்த வருஷம் தண்ணி வரும்னு நம்பிக்கை இல்லை' என்கிறார். அவர் யாரையும் குறை சொல்லவில்லை. வானத்தையும் அணையின் நீர்மட்டத்தையும் பார்த்துச் சொல்கிறார். இன்னொருவர், 'திறந்துவிடறோம்னு போன வருஷமும் சொன்னாங்க, இப்ப எப்படி நம்பறது?' என்கிறார். இவர் மனிதர்களைப் பற்றிப் பேசுகிறார். இரண்டையும் சேர்த்து 'விவசாயிகள் அவநம்பிக்கை' என்று தலைப்பிட்டால், முதலாமவர் சொல்லாத குற்றச்சாட்டை அவர் வாயில் வைத்துவிட்டோம்.

இதற்கு ஒரு சோதனை உண்டு. 'யார் மீது?' என்று கேட்டால் விடை வருகிறதா? அவநம்பிக்கை சரியான சொல். 'என்ன ஆகுமோ?' என்பதுதான் கேள்வியா? அப்போது நம்பிக்கை இழப்பு, நம்பிக்கைக் குறைவு, முற்றிப்போனால் விரக்தி. 'வருங்காலம் குறித்த அவநம்பிக்கை' என்றும் எழுதுவதுண்டு, தவறில்லை. எதிலும் கெட்டதையே எதிர்பார்ப்பவரை அவநம்பிக்கைவாதி என்று சொல்வதும் இந்த வழியில் வந்ததுதான். ஆனால் 'மீது' வருகிறதா, 'குறித்து' வருகிறதா என்பதில் கவனம் வேண்டும். மழை மீது அவநம்பிக்கை கொள்ள முடியாது.

மூன்றாவது வகை, சமயம் சார்ந்தது. கடவுளை நம்பாததை நாம் அவநம்பிக்கை என்பதில்லை. இறைமறுப்பு, நாத்திகம், பேச்சில் 'சாமி நம்பிக்கை கிடையாது'. தமிழ்க் கிறிஸ்தவர்களிடம் இதற்கென்றே 'அவிசுவாசம்' என்ற சொல் உண்டு; தமிழ் விவிலியத்தில், 'என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்' என்று ஒரு தகப்பன் கதறுவது மாற்கு 9:24. தேவாலயத்துக்கு வெளியே அந்தச் சொல் அநேகமாகக் காணப்படுவதில்லை. வெளியே விசுவாசம் என்றால் எஜமான விசுவாசம், நன்றியுணர்வு என்று பொருள் திரும்பிவிட்டது.

தன்னைத் தானே நம்பாதது தனி. அதைத் 'தன்னம்பிக்கை இல்லை', 'தன்னம்பிக்கைக் குறைவு' என்றுதான் சொல்ல வேண்டும்.

படி 3: அண்டைச் சொற்களோடு நிறுத்துப் பாருங்கள்

இதுதான் முக்கியமான படி. நான் சறுக்கியதும் இங்கேதான்.

ஐயம் என்பது இதுவா அதுவா என்று இரண்டுக்கும் நடுவில் நிற்பது. நன்னூல், வினாவை ஆறாகப் பிரித்து அதில் ஒன்றை 'ஐய வினா' என்கிறது. கிடப்பது பாம்போ, கயிறோ? கேட்பவர் எந்தப் பக்கமும் சாயவில்லை. விளக்கை ஏற்றினால் தீர்ந்துவிடும். அதனால்தான் 'ஐயம் தீர்ந்தது', 'ஐயம் தெளிந்தது', 'ஐயம் நீங்கியது' என்கிறோம். இது எழுத்துநடைச் சொல். ஐயம் என்பதற்குப் பிச்சை என்றும் பொருள் இருப்பதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். 'ஐயமிட்டு உண்' என்ற ஆத்திசூடி வரியில் இருப்பது அது.

சந்தேகத்துக்கு இரண்டு முகம். வகுப்பில் ஒரு பிள்ளை கையைத் தூக்கி, 'சார், ஒரு சந்தேகம்' என்றால் அது வெறும் கேள்வி. வீட்டில் ஒருவர், 'எனக்கு அவர் மேல சந்தேகம்' என்றால் அங்கே ஒரு குற்றச்சாட்டு பதுங்கியிருக்கிறது. முதலாவது ஐயத்தோடு சேரும். இரண்டாவது அவநம்பிக்கையின் வாசல்படியில் நிற்கும். யாழ்ப்பாணப் பேச்சில் இந்த இடத்தில் 'ஐமிச்சம்' என்றொரு சொல் வரும். எனக்குப் பிடித்த சொல். ஐயத்தின் மிச்சம் போலக் காதில் விழுகிறது. சொல் பிறந்த வரலாறு அதுதான் என்று நான் சொல்லவில்லை, காதுக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன்.

சந்தேகத்துக்கும் அவநம்பிக்கைக்கும் உள்ள வேறுபாட்டை ரசீதை வைத்தே சொல்லிவிடலாம். சந்தேகப்படுபவரிடம் ரசீதைக் காட்டினால் சந்தேகம் தீரும். அவநம்பிக்கை கொண்டவரிடம் காட்டினால், ரசீதே உண்மையானதா என்று பார்ப்பார். சந்தேகம் ஒரு செயலைப் பற்றியது. அவநம்பிக்கை அந்த ஆளைப் பற்றியது. செயலாளர் சாவியைக் கொண்டுவந்து நீட்டியது அதனால்தான். ஒரு தொகையைப் பற்றிக் கேட்டிருந்தால் நோட்டைத் திறந்து காட்டியிருப்பார். நான் அவரையே கேள்விக்குள்ளாக்கிவிட்டேன்.

நம்பிக்கையின்மை, அவநம்பிக்கையை விட ஒரு படி மென்மையானது. புதிதாக வந்த ஆள் மீது நமக்கு இருப்பது இது. அவரை நம்பவும் இல்லை, நம்பாமல் இருக்கக் காரணமும் இல்லை. 'இன்னும் நம்பிக்கை ஏற்படவில்லை' என்று சொன்னால் 'இன்னும்' என்ற சொல் கதவைத் திறந்தே வைக்கிறது. அகராதிகள் இரண்டையும் ஒரே வரியில் போட்டாலும், எழுதும்போது நான் இவற்றைப் பிரித்தே வைப்பேன்.

இன்னொரு சொல்லையும் பிரித்துவைக்க வேண்டும்: எச்சரிக்கை. பேச்சில் உஷார். பழைய நகையைக் கொண்டுபோனால் நகைக்கடைக்காரர் உரைகல்லில் உரைத்துப் பார்த்துத்தான் விலை சொல்கிறார். நாம் கோபித்துக்கொள்வதில்லை. அவர் நம்மை நம்பாமல் செய்யவில்லை, அது தொழிலின் முறை.

வள்ளுவர் இந்த இடத்தை அழகாகப் பிடித்திருக்கிறார். 'தெரிந்து தெளிதல்' என்று ஓர் அதிகாரம், 501 முதல் 510 வரை. அதில் நம்பு என்ற சொல்லே வராது. அன்றைக்கு நம்புதலுக்கு வழங்கிய சொற்கள் தெளி, தேறு என்பன. அவற்றுக்கு முன்னால் நடக்க வேண்டியது தேர்தல், அதாவது ஆராய்தல். தேர்ந்தபின் தேறு; இதுதான் வரிசை. ஒருவரின் பெருமைக்கும் சிறுமைக்கும் அவரவர் செயலே 'கட்டளைக் கல்' என்கிறது 505. கட்டளைக் கல் என்றால் அந்த உரைகல்தான்.

அந்த அதிகாரத்தின் கடைசிக் குறள்:

தேரான் தெளிவும் தெளிந்தான்கண் ஐயுறவும்
தீரா இடும்பை தரும்.

ஆராயாமல் ஒருவனை நம்புவதும், ஆராய்ந்து நம்பிய ஒருவன் மேல் ஐயப்படுவதும் தீராத துன்பம் தரும். பதினோரு ஆண்டு கணக்குப் பார்த்தவரைத் 'தெளிந்தான்' என்றுதானே சொல்ல வேண்டும். இந்தக் குறளைப் பள்ளியில் மனப்பாடம் செய்திருக்கிறேன். அந்தக் கடிதத்தை எழுதும்போது அது நினைவுக்கு வரவில்லை.

'தேர்' என்ற சொல்லின் எடையை உணர வேண்டுமானால் சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதைக்குப் போக வேண்டும். 'தேரா மன்னா' என்று கண்ணகி தொடங்குகிறாள். கொடியவனே என்றோ கள்வனே என்றோ அவள் அழைக்கவில்லை. ஆராயாதவனே என்கிறாள். பொற்கொல்லன் சொல்லைத் தேராமல் தேறினான் பாண்டியன். அதுதான் அவன் மேல் உள்ள முழுக் குற்றப்பத்திரிகை.

படி 4: யாருடையது, யார் மீது? உருபைச் சரியாக வையுங்கள்

நம்பாதவர் ஒருவர், நம்பப்படாதவர் ஒருவர் என்று அவநம்பிக்கைக்கு இரண்டு பேர் வேண்டும். வாக்கியத்தில் இருவரும் எங்கே நிற்கிறார்கள் என்று தெரியாவிட்டால் பொருள் தலைகீழாகும்.

'அதிகாரிகளிடம் அவநம்பிக்கை நிலவுகிறது.' இதை இரண்டு விதமாக வாசிக்கலாம். அதிகாரிகள் யாரையோ நம்பவில்லையா? அதிகாரிகளை யாரோ நம்பவில்லையா? 'இடம்' என்ற உருபு இருவருக்கும் பொருந்துவதால் வந்த குழப்பம் இது. நம்பப்படாதவருக்கு 'மீது' அல்லது 'மேல்' வைத்துவிட்டு, நம்பாதவருக்கு 'இடம்', 'இடையே', 'கு' வைத்தால் தீர்ந்துவிடும். 'அதிகாரிகள் மீது மக்களிடம் அவநம்பிக்கை நிலவுகிறது.' 'எனக்கு அந்த ஒப்பந்தத்தின் மீது அவநம்பிக்கை.' குறளில் 'தெளிந்தான்கண்' என்று வந்ததே, அந்தக் 'கண்' செய்த வேலையை இன்று 'மீது' செய்கிறது.

'மக்களிடையே அவநம்பிக்கை' என்பதும் அரைகுறை. மக்கள் ஒருவரையொருவர் நம்பவில்லை என்றால் அதைச் சொல்லுங்கள்: 'ஒருவர் மீது ஒருவருக்கு அவநம்பிக்கை.' 'பரஸ்பர அவநம்பிக்கை' என்பதும் செய்திகளில் வரும். புரியும், கொஞ்சம் விறைப்பாக இருக்கும்.

இதைவிடப் பெரிய பிழை ஒன்று. 'அவர் ஓர் அவநம்பிக்கையான ஆள்' என்று எழுதிவிட்டு, நம்பத் தகாதவர் என்ற பொருளை எதிர்பார்ப்பது. அவநம்பிக்கை நம்பாதவர் மனத்தில் இருப்பது. நம்பப்படாதவரின் குணம் அல்ல. ஆகவே அந்த வாக்கியம், யாரையும் நம்பாதவர் என்றே பொருள்படும். ஏமாற்றக்கூடிய ஆளைச் சொல்ல நம்பத் தகாதவர், நம்பகமற்றவர் என்ற சொற்கள் உண்டு. பேச்சில், 'அவரை நம்பி ஒரு காரியம் ஒப்படைக்க முடியாது' என்றால் போதும். 'நம்பிக்கையற்றவர்' என்பதும் இரு பக்கமும் சாயும் சொல். மனம் தளர்ந்தவரையும் கடவுளை நம்பாதவரையும் அது குறிக்கும். தவிர்க்க முடிந்தால் தவிர்த்துவிடுங்கள்.

படி 5: பொருத்தமான வினையைச் சேருங்கள்

சந்தேகத்துக்குச் சந்தேகப்படு என்ற வினை இருக்கிறது. ஐயத்துக்கு ஐயுறு. அவநம்பிக்கைக்கு அப்படி ஒன்று இல்லை. 'அவநம்பு' என்று தமிழில் யாரும் சொல்வதில்லை. அதனால் துணைக்கு ஒரு வினை தேவைப்படுகிறது, அந்தத் துணையே தொனியைத் தீர்மானிக்கிறது.

'அவநம்பிக்கை கொண்டார்' என்றால் அது அவருடைய நிலைப்பாடு. 'அவநம்பிக்கை ஏற்பட்டது' என்றால் நிகழ்ச்சிகள் அவரை அங்கே தள்ளின. பழி கொஞ்சம் எதிர்ப்பக்கம் நகர்கிறது. 'அவநம்பிக்கை தெரிவித்தார்' என்றால் வாய் திறந்து சொன்னார். 'விதைத்தார்' என்றால் ஒருவர் வேண்டுமென்றே செய்தார். வளர்ந்தது, வேரூன்றியது, புரையோடியது என்பவை நாள்பட்டதைக் குறிக்கும். நீங்க, அகல, போக்க, களைய என்பவை தீர்வின் வினைகள். ஐயம் தெளியும், சந்தேகம் தீரும். அவநம்பிக்கையோ தெளிவதும் இல்லை, தீர்வதும் இல்லை, மெல்ல அகலும். இந்தச் சேர்க்கைகளை யாரும் விதியாக எழுதிவைக்கவில்லை. ஆனாலும் 'அவநம்பிக்கை தெளிந்தது' என்று படித்தால் காது உறுத்துகிறது.

'நம்பிக்கைப் பற்றாக்குறை' என்று அண்மைக் காலமாகக் கட்டுரைகளில் வருகிறது. ஆங்கிலச் சொல்லாட்சியின் நேர் பெயர்ப்பு. அரிசிக்கும் மின்சாரத்துக்கும் பற்றாக்குறை வரும். நம்பிக்கை குறையும், தளரும், ஆட்டம் காணும், பொய்க்கும், போய்விடும். இத்தனை வினைகள் இருக்கும்போது கடன் வாங்க வேண்டியதில்லை.

படி 6: பேச்சில் இதை எப்படிச் சொல்கிறோம்?

வீட்டில் யாரும், 'உன் மீது எனக்கு அவநம்பிக்கை' என்று சொல்வதில்லை. சொன்னால் மேடை நாடகம் போல இருக்கும். பேச்சுத் தமிழ் வினைக்குத் தாவிவிடுகிறது. அங்கே அளவுகள் இன்னும் நுட்பமாக இருக்கின்றன.

'நான் நம்பலை' என்றால் இந்தச் செய்தியை இப்போது ஏற்கவில்லை. 'நம்பமாட்டேன்' என்றால் முடிவெடுத்தாகிவிட்டது, நீ என்ன சொன்னாலும் கேட்கப்போவதில்லை. 'நம்ப முடியலை' என்றால் நம்ப ஆசைதான், மனம் ஒத்துழைக்கவில்லை; மூன்றில் இதுதான் அன்பு மிச்சமிருக்கும் வாக்கியம். கணவன் மனைவிக்குள்ளும் பெற்றோர் பிள்ளைக்குள்ளும் பேசும்போது இந்த வேறுபாடு உயிர்போகும் அளவுக்கு முக்கியம். மகனிடம், 'உன்னை நம்பமாட்டேன்' என்று சொல்ல வந்த ஓர் அம்மா, 'நீ சொல்றதை நம்ப முடியலைப்பா' என்று மாற்றிச் சொன்னால் அந்தப் பிள்ளை அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளாமல் பேச்சைத் தொடரக்கூடும். 'உன்னை' என்பது 'நீ சொல்றதை' என்று ஆனதும் கவனிக்க வேண்டியது: பேச்சு ஆளிலிருந்து செயலுக்கு நகர்ந்துவிட்டது.

எழுத்தில் வரும் 'நம்ப முடியாத' என்பதோ வியப்புக்கும் போகும். நம்ப முடியாத வெற்றி, நம்ப முடியாத விலை. குற்றச்சாட்டாக எழுத நினைத்தால் அந்த இடத்தில் 'நம்பத் தகாத' என்று எழுதுங்கள்.

பழமொழிகளில் எனக்கு எப்போதும் வியப்பளிப்பது, 'நம்ப நட, நம்பி நடவாதே.' ஒரே வினையின் இரண்டு எச்சங்கள். 'நம்ப' என்றால் பிறர் உன்னை நம்பும்படி. 'நம்பி' என்றால் நீ பிறரை நம்பிக்கொண்டு. ஓர் இகரத்தில் பொருள் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குப் போய்விடுகிறது. 'மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்கலாமா' என்பது தேராமல் தேறியவர்களுக்கு. 'சூடு கண்ட பூனை அடுப்பங்கரையில் சேராது' என்பது ஒருமுறை பட்டுவிட்டு எல்லாவற்றையும் நம்பாமல் போனவர்களுக்கு. அவநம்பிக்கை பிறக்கும் விதத்தை இதைவிடச் சுருக்கமாகச் சொன்ன வாக்கியம் எனக்குத் தெரியாது.

படி 7: சட்டமன்றத்திலும் நீதிமன்றத்திலும் சொற்கள் உறைந்துவிட்டன

இங்கே நம் விருப்பத்துக்குச் சொல்லை மாற்ற முடியாது. அரசின் மீது நம்பிக்கை இல்லை என்று எதிர்க்கட்சி கொண்டுவருவது தமிழ்நாட்டில் 'நம்பிக்கையில்லாத் தீர்மானம்', இலங்கையில் 'நம்பிக்கையில்லாப் பிரேரணை'. இந்தியும் மலையாளமும் இதற்கு அவிசுவாசம் என்ற வடசொல்லை எடுத்துக்கொண்டன. தமிழ் 'இல்லா'வை எடுத்தது. அது சரியான தேர்வு என்பேன். சட்டமன்றமோ நாடாளுமன்றமோ கேட்பது, ஆட்சிக்குப் பெரும்பான்மையின் நம்பிக்கை இருக்கிறதா இல்லையா என்ற கணக்கை மட்டும். பெரும்பான்மை இல்லை என்றால் போக வேண்டியதுதான். அவநம்பிக்கை கொள்ள வேண்டிய அவசியமே இல்லை.

மக்களவையில் இத்தகைய முதல் தீர்மானம் 1963 ஆகஸ்டில் நேரு அரசுக்கு எதிராக வந்தது, கொண்டுவந்தவர் ஜே.பி. கிருபளானி, தோற்றது. மக்களவையில் இதை எடுத்துக்கொள்ளக் குறைந்தது 50 உறுப்பினர்களின் ஆதரவு வேண்டும். இலங்கை நாடாளுமன்றத்தில் 2018 ஏப்ரல் 4-இல் அப்போதைய பிரதமர் ரணில் விக்கிரமசிங்கவுக்கு எதிரான பிரேரணைக்கு ஆதரவாக 76, எதிராக 122 வாக்குகள் விழுந்தன.

இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாதது, அரசே முன்வந்து கேட்கும் 'நம்பிக்கை கோரும் தீர்மானம்'. அதன் மீது நடப்பது நம்பிக்கை வாக்கெடுப்பு. 1999 ஏப்ரல் 17-இல் வாஜ்பாய் அரசு 269-க்கு 270 என்று ஒரே வாக்கில் கவிழ்ந்தது இதில்தான். அதை நம்பிக்கையில்லாத் தீர்மானம் என்று எழுதினால் பிழை. தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் 2017 பிப்ரவரி 18-இல் எடப்பாடி பழனிசாமி 122 வாக்குகள் பெற்று வென்றதும் நம்பிக்கை கோரும் தீர்மானம்தான்.

நீதிமன்றத்தில் 'சந்தேகத்தின் பலன்' என்கிறார்கள். குற்றம் ஐயத்துக்கு இடமின்றி மெய்ப்பிக்கப்படாவிட்டால் குற்றம்சாட்டப்பட்டவருக்குப் போகும் பலன். ஒப்படைத்த பொருளைக் கையாடுவது 'நம்பிக்கை மோசடி'. இந்திய தண்டனைச் சட்டத்தில் 405, 406 என்று இருந்த பிரிவுகள், 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 316-ஆம் பிரிவாயின. 'நம்பிக்கைத் துரோகம்' என்பது நாம் மனம் நொந்து சொல்வது. காவல் நிலையப் புகாரில் 'நம்பிக்கை மோசடி' என்றுதான் வரும்.

படி 8: எழுத்தும் சந்தியும்

அவநம்பிக்கையைச் சேர்த்தே எழுதுங்கள். 'அவ நம்பிக்கை' என்று இடைவெளி விட்டால் பேச்சுத் தமிழில் 'அவளுடைய நம்பிக்கை' ஆகிவிடும். 'அவ நம்பிக்கை வீண்போகலை' என்ற வாக்கியத்தை நினைத்துப் பாருங்கள். பொருளே நேர் எதிர்.

'நம்பிக்கையில்லாத தீர்மானம்' தவறு. அப்படி எழுதினால் தீர்மானத்துக்கே எதிலும் நம்பிக்கை இல்லை என்றாகும். 'இல்லா' என்பது ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், அதாவது 'இல்லாத' என்பதன் கடைசி எழுத்து கெட்ட வடிவம். பின்னால் வல்லினம் வந்தால் மிகும். தீர்மானத்துக்குத் த், பிரேரணைக்குப் ப். 'தேரா மன்னா'விலும் அதே வகைப் பெயரெச்சம்தான். அடுத்து வருவது மகரம் என்பதால் மிகவில்லை.

அவநம்பிக்கை கொண்டார் என்பதில் மிகாது. அவநம்பிக்கையைப் போக்கு என்பதில் மிகும். நம்பிக்கைத் துரோகத்தில் மிகும்.

படி 9: மனுவோ கடிதமோ எழுதும்போது

எழுதுவதற்கு முன் மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்கிறேன். எனக்குத் தெரியாதது ஒரு விவரமா? நான் ஐயப்படுவது ஒரு செயலையா? அல்லது அந்த ஆளை இனி எதிலும் நம்ப முடியாத நிலைக்கு உண்மையாகவே வந்துவிட்டேனா?

முதலாவது என்றால், 'இந்தத் தொகைக்கு விளக்கம் வேண்டுகிறேன்.' இரண்டாவது என்றால், 'இந்தச் செலவு குறித்து எனக்குச் சந்தேகம் உள்ளது. ரசீதுகளைப் பார்வையிட அனுமதிக்க வேண்டும்.' பலமுறை கேட்டும் பதில் வராதபோது, 'நிர்வாகத்தின் மீதான நம்பிக்கை குறைந்துவருகிறது.' அதற்குப் பிறகும் கணக்கை மறைத்தால், ஆதாரங்களைத் தேதியோடு வரிசைப்படுத்தி எழுதிவிட்டு, 'இக்காரணங்களால் நிர்வாகத்தின் மீது உறுப்பினர்களுக்கு அவநம்பிக்கை ஏற்பட்டுள்ளது.' இந்தக் கடைசி வாக்கியம் நியாயமாகவும் தேவையாகவும் இருக்கும் சூழல்கள் நிச்சயம் உண்டு. அங்கே தயங்கி, 'சிறு சந்தேகம்' என்று குழைந்து எழுதுவதும் தவறுதான். பொதுப்பணத்தைத் தின்றவருக்கு அது பாதுகாப்பாகிவிடும். ஆனால் காரணங்கள் முன்னால் வர வேண்டும், சொல் கடைசியில் வர வேண்டும். நான் காரணமே காட்டாமல் சொல்லை எழுதினேன்.

அன்று செயலாளரிடம் சாவியை நான் வாங்கிக்கொள்ளவில்லை. உள்ளே அழைத்து உட்காரவைத்து, கடிதத்தைத் திரும்ப வாங்கி, அவர் முன்னாலேயே வேறு தாளில் எழுதிக்கொடுத்தேன்: 'தொட்டி சுத்தம் செய்த செலவு இரண்டு முறை பதிவாகியிருப்பதன் காரணம் அறிய விரும்பினேன். ரசீதுகளைப் பார்த்தேன். சந்தேகம் தீர்ந்தது. முந்தைய கடிதத்தில் உள்ள சொல்லைத் திரும்பப் பெறுகிறேன்.' அவர் அதை நோட்டில், அந்த இரண்டு ரசீதுகளுக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டார்.